பட்டைக்குள் எவ்வளவு?

(உதகமண்டலத்தில் பள்ளி அறிவியல் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் பெரியப்பா நடுவட்டத்தில் கொயினா மரங்களுக்குப் பட்டை உரித்தவர். மாலையில் வீடு திரும்பியதும் சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவுவார். சீயக்காய் போட்டு மறுபடியும் கழுவுவார். அதன்பிறகுதான் தட்டின் முன் உட்காருவார். அப்படியும் முதல் இரண்டு கவளம் கசக்கும் என்பார். அந்தக் கசப்பைப் பார்த்துவிட வேண்டும் என்று அவர் தட்டிலிருந்து ஒரு பிடி வாங்கித் தின்றுவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு நான் ஓடியது நினைவிருக்கிறது. ஒருநாள் அவரிடம் கேட்டேன்: “எந்த மரம் பெரியப்பா ரொம்பக் கசக்கும்?” அவர் சொன்னார்: “பார்த்தா எல்லா மரமும் ஒண்ணுபோலத்தாண்டா இருக்கும். பட்டையைக் கடிச்சா கொஞ்சம் தெரியும். உள்ள எவ்வளவு மருந்து இருக்குன்னு லேப்ல ஐயா பார்த்துச் சொன்னாத்தான் தெரியும்.”

முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்த பிறகும் மூலிகை மரங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் அதைவிடப் பெரிதாக எதுவும் இல்லை. பெரியப்பா சொன்ன அந்தப் பதிலை விரித்துச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். மேசைமேல் கறுப்புத் துணி போட்டு இரண்டு கண்ணாடிக் குவளைகளை மூடி வைத்திருக்கிறேன். அவற்றைக் கடைசியில் திறப்போம்.

கொயினா மரம் என்று நம் மலையில் சொல்கிறோம். தாவரவியல் பெயர் சின்கோனா. வெளிநாட்டு மரம்தான் என்றாலும் நமக்குத் தெரியாத குடும்பத்து மரம் இல்லை. காப்பி, வெட்சி, நுணா, கடம்பு எல்லாம் இதன் உறவினர்கள். தாய்வீடு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். கொலம்பியாவிலிருந்து பொலிவியா வரை, மேகம் வந்து தங்கும் சரிவுகளில் வளரும். பெரு நாட்டின் அரசுச் சின்னத்தில் ஒரு மரம் இருக்கிறதே, அது இந்த மரம்தான்.

பெயர் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெருவில் ஸ்பெயின் மன்னரின் பிரதிநிதியாக இருந்தவரின் மனைவி, சின்சோன் சீமாட்டி, இந்தப் பட்டையால் காய்ச்சல் தீர்ந்தார் என்று ஐரோப்பாவில் ஒரு கதை உலவியது. தாவரவியலாளர் லின்னேயஸ் அதை நம்பி 1742-இல் அந்தச் சீமாட்டியின் பெயரை மரத்துக்கு வைத்தார். வைக்கும்போது ஓர் எழுத்தையும் விட்டுவிட்டார். அந்தக் கதை நடக்கவே இல்லை என்று பிற்காலத்தில் பழைய ஆவணங்களைத் தேடிப் படித்தவர்கள் காட்டினார்கள். பெயர் மட்டும் நின்றுவிட்டது. பட்டையின் குணத்தை முதலில் கண்டுகொண்ட மலைமக்களில் ஒருவர் பெயர்கூட மரத்தில் ஒட்டவில்லை. இது எனக்கு எப்போதும் உறுத்தும் செய்தி. பின்னால் இதைவிடப் பெரிதாக உறுத்தும் ஒன்றைச் சொல்லப் போகிறேன்.

17ஆம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவிகள் வழியாகப் பட்டை ரோமாபுரிக்குப் போனது. அந்தக் காலத்தில் மலேரியா இத்தாலியிலும் இங்கிலாந்தின் சதுப்பு நிலங்களிலும்கூட ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. பட்டையை இடித்துத் தூளாக்கி, மதுவில் கலந்து கொடுத்தார்கள். ஒரு நோயாளி நான்கே நாளில் எழுந்து உட்கார்ந்தார். அதே தூளை அதே அளவு குடித்த அடுத்த வீட்டுக்காரர் குளிரில் நடுங்கிக்கொண்டே கிடந்தார். மருத்துவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். இது தெய்வ மருந்து என்றது ஒரு கட்சி, ஏமாற்று வேலை என்றது இன்னொன்று. இரண்டு கட்சியும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். ஒரு மூட்டையில் சரக்கு இருந்தது. மற்றொரு மூட்டையில் இல்லை. ஒன்று வேறு மலையின் பட்டை, ஒன்று இளமரத்துப் பட்டை, ஒன்று சின்கோனாவே இல்லாத ஏதோ ஒரு மரத்தின் பட்டை. மூட்டைக்குள் எவ்வளவு என்று கேட்க அவர்களிடம் வழி இருக்கவில்லை. ஏறத்தாழ 180 ஆண்டுகள் இப்படியே ஓடின.

1820-இல் பாரிஸில் பெல்லெத்தியே, கவாந்து என்ற இரண்டு மருந்தியலாளர்கள் அந்த வழியைத் திறந்தார்கள். பட்டையிலிருந்து கொயினா என்ற மருந்துச் சேர்மத்தைத் தனியாகப் பிரித்தார்கள். பிற்காலத்தில் தொழிற்சாலைகளில் செய்த முறையை, சமையலறை தெரிந்த எவருக்கும் புரியும்படி சொல்லிவிடலாம். பட்டைத் தூளோடு சுண்ணாம்பு கலந்தால், மரத்தின் அமிலங்களோடு பிணைந்து கிடக்கும் ஆல்கலாய்டுகள் என்ற கசப்புச் சேர்மங்கள் விடுபடும். விடுபட்டவை தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெய் போன்ற கரைப்பானில் கரையும். கரைப்பானை வடித்து, அதில் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்தால், ஆல்கலாய்டு உப்பாக மாறித் தண்ணீருக்குள் வந்துவிடும். ஆறவிட்டால் வெண்பட்டு நூல்போல ஊசி ஊசியாகப் படியும். அதுதான் கொயினா சல்பேட். கைப்பிடி கைப்பிடியாகக் குமட்டிக்கொண்டு விழுங்கிய தூளின் வேலையை, ஒரு சிட்டிகைக்கும் குறைவான வெள்ளைப் பொடி செய்தது. அந்த இருவரும் காப்புரிமை கேட்காமல் செய்முறையை எல்லோருக்குமாக வெளியிட்டார்கள். நன்றியோடு நினைக்க வேண்டிய மனிதர்கள்.

பட்டைக்குள் இருப்பது கொயினா மட்டும் இல்லை. முப்பதுக்குக் குறையாத ஆல்கலாய்டுகள் உண்டு. அவற்றில் நான்கு முக்கியமானவை: கொயினா, குவினிடின், சின்கோனைன், சின்கோனிடின். கொயினாவுக்கும் குவினிடினுக்கும் அணுக்கணக்கு ஒன்றே. 20 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். எண்ணிக்கையில் இம்மி வேறுபாடில்லை. இரண்டு இடங்களில் அணுக்கள் திரும்பி நிற்கும் பக்கம் மட்டும் வேறு. ஆனால் குவினிடின் தாறுமாறாக அடிக்கும் இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவருவதில் கொயினாவை விஞ்சி நிற்கிறது. இதற்கு வழிகாட்டியது ஒரு நோயாளி. வெங்கெபாக் என்ற டச்சு மருத்துவரிடம் 1912-இல் ஒரு வணிகர் வந்து, கொயினா சாப்பிட்டால் என் நாடித்துடிப்பு சீராகிறது என்று சொன்னார். மருத்துவர் முதலில் நம்பவில்லை. அந்த வணிகர் அடுத்த நாள் சீரான நாடியோடு வந்து நின்றார். பிறகு 1918-இல் வால்டர் ஃப்ரை என்ற மருத்துவர் இந்தச் சேர்மங்களை ஒப்பிட்டுப் பார்த்து, குவினிடினே வலியது என்று கண்டார். நோயாளி சொல்லும் ஒரு வாக்கியத்தைக் காதில் போட்டுக்கொள்ளும் மருத்துவர்களால் எவ்வளவு நன்மை!

மற்ற இரண்டும், சின்கோனைனும் சின்கோனிடினும், இதேபோல் ஒன்றுக்கொன்று திரும்பி நிற்கும் இணை. கொயினாவோடு ஒப்பிட்டால் இவற்றில் ஒரு சிறு கூறு குறையும். ஓர் ஆக்சிஜனும் அதன் நுனியில் ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட மெத்தாக்சி என்ற கூறு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குவளைகளைத் திறக்கும்போது தேவைப்படும்.

மரம் இதை எதற்காகச் செய்கிறது? நமக்காக இல்லை. அந்த மலையில் மனிதன் கால் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே மரம் கசந்துகொண்டிருந்தது. பட்டையைத் துளைக்கும் பூச்சிக்கும் கொறிக்கும் விலங்குக்கும் எதிரான காவல் என்றுதான் இந்தக் கசப்பைப் புரிந்துகொள்ள முடிகிறது. அதைத் தயாரிக்கும் வழியில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. பருப்பிலும் பாலிலும் உள்ள டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்துதான் வேலை தொடங்குகிறது. அதிலிருந்து வந்த ஒரு துண்டும் சர்க்கரை ஒட்டிய இன்னொரு துண்டும் சேர்ந்து ஸ்டிரிக்டோசிடின் என்ற மூலக்கூறு உருவாகிறது. இதைத் தாய் மூலக்கூறு என்றே சொல்லலாம். கொயினா மரம் இதைக் கொயினாவாக வளைக்கிறது. நம் ஊர் எட்டி மரம் இதையே ஸ்டிரிக்னைனாக வளைக்கிறது. ஏழிலைப்பாலை எக்கிட்டமைன் ஆக்குகிறது. வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணி, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டினைச் செய்கிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒருவன் உயிர் காப்பவன், ஒருவன் உயிர் எடுப்பவன். நாக்குக்கு இவர்களை வேறு பிரிக்கத் தெரியாது. எல்லாம் கசப்பு.

கசப்பெல்லாம் காய்ச்சல் மருந்து என்று எண்ணிக் கெட்ட கதையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கோஸ்துரா என்ற தென் அமெரிக்கப் பட்டையும் காய்ச்சலுக்காக ஐரோப்பியக் கடைகளில் விற்றது. அந்தச் சரக்கோடு வேறொரு பட்டை கலந்து வந்தது. பார்வைக்கு அதே மாதிரி, கசப்பும் உண்டு. குடித்தவர்கள் வலிப்பு கண்டு இறந்தார்கள். அந்தப் போலிப் பட்டையைச் சோதித்து 1819-இல் புரூசின் என்ற நஞ்சைப் பிரித்தவர்களும் நம் பெல்லெத்தியே, கவாந்துதான். பட்டை எந்த மரத்துடையது என்று பிறகு தெரிந்தது. நம் எட்டிதான். சித்த மருத்துவர்கள் எட்டிக்கொட்டையை அப்படியே எடுத்து யாருக்கும் கொடுப்பதில்லை. ஊறவைத்து, வேகவைத்து, தோல் நீக்கி, உள்முளையைக் கழித்துச் சுத்தி செய்த பிறகே, அதுவும் மிகக் குறைந்த அளவில் கொடுப்பார்கள். நஞ்சை எவ்வளவு கழித்தோம், எவ்வளவு விட்டுவைத்தோம் என்ற கவலை அந்தச் சுத்தி முறை முழுவதிலும் இருக்கிறது. தராசு இல்லாத காலத்து அளவை என்று அதை மதிக்கிறேன்.

இனி நம் மலைக்கு வருவோம்.

பிரிட்டிஷ் அரசுக்குக் கொயினா பெரும் செலவாக இருந்தது. படையினரும் அதிகாரிகளும் காய்ச்சலில் விழுந்தால் ஆட்சி நடக்காது. ஆண்டிஸ் காடுகளில் மரத்தை வெட்டி வெட்டிப் பட்டை எடுத்தார்கள். வரத்து எப்போது நிற்குமோ என்ற அச்சம். அதனால் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவரை அனுப்பி, 1860-இல் பெருவிலிருந்து நாற்றுகளைக் கொண்டுவரச் செய்தார்கள். கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்து வந்த அந்த நாற்றுகள் செங்கடல் வெயிலில் வாடின. உதகைக்கு வந்து சேர்ந்தவையும் பிழைக்கவில்லை. அதே நேரம் ஈக்வடாரில் ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்ற தாவரவியலாளர், உடல் நலிந்த நிலையிலும் காட்டில் கிடந்து செம்பட்டை வகையின் விதைகளையும் நாற்றுகளையும் சேர்த்தார். ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் அந்த நாற்றுகளைப் பொத்திப் பொத்திக் கொண்டுவந்தார். 1861 ஏப்ரலில் 400-க்கும் மேற்பட்ட நாற்றுகள் உயிரோடு உதகை சேர்ந்தன. இங்கே தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் அவற்றைப் பெருக்கினார். தொட்டபெட்டா, நடுவட்டம், பைக்காரா என்று தோட்டங்கள் எழுந்தன. அதே 1861-இல் இலங்கையில் ஹக்கல தோட்டமும் கொயினாவுக்காகவே தொடங்கப்பட்டது. அங்கே காப்பியை இலைத்துரு நோய் அழித்தபின் தோட்டக்காரர்கள் கொயினாவுக்குத் தாவினார்கள். விலை சரிந்ததும் அதையும் பிடுங்கிவிட்டுத் தேயிலைக்குப் போனார்கள். நட்டவையும் பிடுங்கியவையும் ஒரே கைகள், இங்கிருந்து போன தமிழர்களின் கைகள்.

நடுவட்டத்தில் காட்டைத் திருத்தியவர்களில் சீனக் கைதிகளும் இருந்தார்கள். இன்றைய சிங்கப்பூர், மலேசியப் பகுதிகளிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டவர்கள். அவர்களை அடைத்து வைத்த சிறைக் கட்டடம் இன்றும் நடுவட்டத்தில் நிற்கிறது. விடுதலையான பிறகு சிலர் கூடலூர் பக்கமே தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டு வாழ்ந்ததை இனவியலாளர் தர்ஸ்டன் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். கூடலூர் போகும்போது ஒருமுறை இறங்கி அந்தச் சிறையைப் பாருங்கள். ஒரு மாத்திரைக்குப் பின்னால் எத்தனை பேர் வாழ்க்கை இருக்கிறது என்பதை அந்தச் சின்னச் சின்ன அறைகள் சொல்லும்.

மரம் வளர்ந்துவிட்டது. மருந்து வளர்ந்ததா? இங்கேதான் பெரியப்பாவிடம் நான் கேட்ட கேள்வி அரசாங்கத்தின் கேள்வியாகிறது. நீலகிரிப் பட்டைத் துண்டுகள் லண்டனுக்குப் போயின. ஜான் எலியட் ஹோவர்டு என்ற வேதியியலாளர் அவற்றைச் சோதித்தார். ஆல்கலாய்டு இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது என்றார். பிறகு 1866-இல் இந்த வேலைக்கென்றே ஜான் பிராட்டன் என்ற வேதியியலாளர் உதகைக்கு வந்தார். கொயினா ஆய்வர் என்பதே அவருடைய பதவிப் பெயர்! ஒரு மரத்தின் சேர்மத்தை அளப்பதற்காக ஒரு பதவி. மெக்ஐவருக்கு ஒரு முறை கைவந்திருந்தது. மரத்தை வெட்டாமல் பட்டையைப் பட்டை பட்டையாக, இடம் விட்டு இடம் உரித்து, காயத்தின் மேல் பாசியை வைத்துக் கட்டுவார். உரித்த இடத்தில் புதுப்பட்டை வளரும். அந்தப் புதுப்பட்டையில் பழையதைவிட ஆல்கலாய்டு கூடுதலாக இருந்தது. மரம் சாகாமல் மறுபடி மறுபடி மருந்து தரும் இந்த முறையைப் படிக்கும்போதெல்லாம் மனம் குளிர்கிறது.

ஆனால் பிரித்து அளந்தபோது வேறொரு செய்தியும் வந்தது. நம் மலையில் நன்றாக வளர்ந்தது செம்பட்டை. அதில் மொத்த ஆல்கலாய்டு நல்ல அளவு. கொயினாவின் பங்கு மட்டும் குறைவு. சின்கோனிடினும் சின்கோனைனும் அதிகம். அப்படியானால் இந்த மரங்கள் வீணா? அரசு மருத்துவக் குழுக்களை அமைத்தது. 1866 முதல் 1868 வரை சென்னையிலும் மற்ற மாகாணங்களிலும் நான்கு ஆல்கலாய்டுகளையும் தனித்தனியாக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனைக் குறித்தார்கள். கொயினா, குவினிடின், சின்கோனிடின் மூன்றும் ஏறக்குறைய சமமாக வேலை செய்தன. சின்கோனைன் கொஞ்சம் பின்தங்கியது, ஆனாலும் பெரும்பாலோரைக் குணப்படுத்தியது. மருந்துகளை அருகருகே வைத்து ஒப்பிட்ட பழைய பெரிய சோதனைகளில் இது ஒன்று. பாடப்புத்தகங்கள் இதை ஏன் சொல்வதில்லை என்று எனக்கு ஆதங்கம். கொயினா வாங்க வசதியில்லாத ஏழைகளுக்கு நான்கையும் சேர்த்த மலிவு மருந்து செய்யலாம் என்ற துணிவு இந்த ஒப்பீட்டிலிருந்துதான் வந்தது. டார்ஜிலிங் பக்கம் மங்பூவில் 1874 முதல் அப்படிச் செய்தார்கள். பிறகு கொயினாப் பொட்டலம் தபால் நிலையத்திலேயே கிடைக்கும் நிலை வந்தது.

இப்போது, உறுத்தும் ஒன்றைச் சொல்கிறேன் என்றேனே, அதற்கு வருகிறேன்.

பொலிவியாவில் மனுவேல் இங்க்ரா மமானி என்ற பூர்வகுடி மனிதர் இருந்தார். சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வணிகரிடம் வேலை செய்தவர். காட்டில் எந்தச் சரிவில் எந்த மரம் உயர்ந்த சரக்கு என்று அவருக்குத் தெரியும். இலையின் பளபளப்பு, பட்டையின் முறிவு, நாக்கில் ஏறும் கசப்பு இவைதாம் அவருடைய ஆய்வகம். லெட்ஜர் நல்ல விதை கேட்டார். ஆண்டுக்காண்டு பூவை உறைபனி கருக்கியது. நான்கு ஆண்டுகள் காத்திருந்து, ஒரு பருவத்தில் காய்த்ததும், 1865-இல் மமானி விதையோடு மலை இறங்கி நெடுந்தூரம் நடந்து வந்து கொடுத்தார். லெட்ஜரின் சகோதரர் அந்த விதைகளை லண்டனில் பிரிட்டிஷ் அரசிடம் நீட்டினார். அரசு வாங்கவில்லை. டச்சு அரசு ஒரு பவுண்டு விதையைச் சொற்ப விலைக்கு வாங்கி ஜாவாவுக்கு அனுப்பியது. அங்கே மரங்கள் வளர்ந்ததும் வேதியியலாளர்கள் பட்டையை மரம் மரமாகச் சோதித்தார்கள். சாதாரணப் பட்டையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கொயினா இருந்த காலத்தில், இந்த மரங்களில் பத்துப் பங்கையும் தாண்டியது. ஒரே விதைப்பையிலிருந்து வந்த மரங்களுக்குள்ளேயும் ஏற்ற இறக்கம் இருந்தது. அதனால் உயர்ந்த மரங்களை மட்டும் தேர்ந்து, வலிய வேருள்ள செம்பட்டை மரத்தின் மேல் ஒட்டுக்கட்டிப் பெருக்கினார்கள். 1930-களில் உலகக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவிலிருந்து போனது.

மமானி என்ன ஆனார்? விதை கொடுத்த குற்றத்துக்காக உள்ளூர் அதிகாரிகள் அவரைச் சிறையில் அடைத்து அடித்தார்கள். 1871-இல் இறந்தார். அந்த மரத்துக்கு ‘லெட்ஜெரியானா’ என்று பெயர். நான்கு ஆண்டுகள் பனியில் காத்திருந்தவர் பெயரை வைத்திருக்க வேண்டிய இடம் அது. என் வகுப்பில் நான் அதை மமானி மரம் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். நீங்களும் அப்படிச் சொன்னால் மகிழ்வேன்.

இரண்டு பங்குக்கும் பத்துப் பங்குக்கும் அப்படி என்ன வேறுபாடு என்று கேட்பீர்கள். மாணவர்கள் கையில் உள்ள தாளில் கணக்குப் போடுங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மலேரியா. ஒரு வேளைக்கு 600 மில்லிகிராம் கொயினா, நாளுக்கு மூன்று வேளை, ஏழு நாள். மொத்தம் 12.6 கிராம். நூற்றுக்கு இரண்டு பங்கு உள்ள பட்டையென்றால், முழுவதையும் சிந்தாமல் பிரித்தாலும் 630 கிராம் பட்டை வேண்டும். பத்துப் பங்கு உள்ளதென்றால் 126 கிராம் போதும். அரைப் பங்கு மட்டுமே உள்ள பட்டையென்றால் இரண்டரைக் கிலோ. மூன்று பட்டைக்கும் ஒரே பெயர், ஒரே நிறம். மூன்றிலும் ஒரே கரண்டி தூளை அள்ளிக் கொடுத்தால் ஒருவருக்கு மருந்து எட்டாது. இன்னொருவருக்குக் காது இரைந்து, கண் மங்கி, வாந்தி வரும். கொயினா மிகுந்தால் வரும் கேடு அது.

உடலுக்குள் அது என்ன செய்கிறது? மலேரியா ஒட்டுண்ணி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. தின்றபின் மிஞ்சும் ஹீம் என்ற இரும்புக்கூறு ஒட்டுண்ணிக்கே நஞ்சு. அதனால் அதைப் படிகமாக்கி ஓரமாக ஒதுக்கிவைக்கிறது. கொயினா அந்தப் படிகமாக்கலைக் குலைக்கிறது என்று கருதுகிறார்கள். தின்ற சோறே ஒட்டுண்ணிக்கு எமனாகிறது. இங்கே இன்னொரு உள்ளூர்ச் செய்தி. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் நிறுவிய ரொனால்டு ராஸ், அதே ஆண்டு சில மாதங்கள் முன்பு விடுப்பில் உதகைக்கு வந்து, சீகூர் மலைப்பாதையில் கொசு தேடி அலைந்தார். அந்த அலைச்சலில் அவருக்கே மலேரியா கண்டது.

கொயினாவின் பிற்காலத்தை நான் நீட்டவில்லை. 1942-இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் நேச நாடுகளுக்குக் கொயினா வரத்து நின்றது. செயற்கை மருந்துகளின் காலம் வந்தது. 1944-இல் உட்வர்டு, டோரிங் என்ற வேதியியலாளர்கள் கொயினாவுக்கான செயற்கைத் தயாரிப்பு வழியை அறிவித்தார்கள். ஒவ்வொரு அணுவையும் சரியான பக்கம் திருப்பி நிறுத்தி முழுமையாகக் கட்டியது 2001-இல், கில்பர்ட் ஸ்டார்க் குழு. இன்றும் அதைப் பரிசோதனைக் குடுவையில் செய்வதைவிட மரத்திடமிருந்து வாங்குவதுதான் மலிவு. கடும் மலேரியாவுக்கு முதல் இடத்தில் இப்போது ஆர்ட்டிசுனேட் இருக்கிறது. கொயினா பின்வரிசைக்குப் போய்விட்டது. நம் தோட்டங்களும் தேயிலையாகிவிட்டன. வால்பாறைப் பக்கம் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஊர்ப்பெயரில் மரம் இருக்கிறது, சுற்றிலும் தேயிலை.

நண்பர்களே, இப்போது சந்தையில் பட்டைத் தூளும் இலைத் தூளும் நிறைய வருகின்றன. மருதம்பட்டை, வேப்பம்பட்டை, ஏழிலைப்பாலை என்று பெயர் அச்சிட்ட பொட்டலங்கள். இந்த மரங்கள் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஏழிலைப்பாலைப் பட்டையை ஒரு காலத்தில் கொயினாவுக்கு மாற்றாகவே நினைத்தார்கள்; பார்த்தபோது ஒட்டுண்ணியின் மேல் அந்த வலிமை அதற்கு இல்லை. மரத்தின் பெயரைக் கேட்டதும் மருந்து கிடைத்துவிட்டதாக நினைக்கிறோம். எந்த வயது மரம், எந்த மண், எந்தப் பருவத்தில் எடுத்த பட்டை, உள்ளே எந்தச் சேர்மம் நூற்றுக்கு எத்தனை பங்கு என்ற கேள்விக்கான பதில் பொட்டலத்தின் எந்தப் பக்கத்திலும் அச்சாவதில்லை. 1650-இல் ரோமாபுரியில் தூள் வாங்கியவர் நின்ற இடத்தில் நாமும் நிற்கிறோம். நம் மரங்களை அளப்பதற்கு ஆய்வகங்கள் வேண்டும், அளக்கத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும். அவர்கள் உங்கள் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தேன்.

இப்போது குவளைகளுக்கு வருவோம். நம் மலையில் மிஞ்சி நிற்கும் இரண்டு கொயினா மரங்களின் கீழ் உதிர்ந்து கிடந்த பட்டையை எடுத்துவந்தேன். ஒவ்வொன்றிலும் சரியாக ஐந்து கிராம். இரண்டையும் ஒரே அளவு நீர்த்த கந்தக அமிலத்தில் நேற்று மாலை ஊறவைத்து, வடிகட்டி, இன்னும் நீர் சேர்த்திருக்கிறேன். துணியை எடுக்கிறேன். பாருங்கள், இரண்டும் வெளிறிய தேநீர் நிறம். யாராலும் வேறுபாடு சொல்ல முடியாது.

என் கையில் இருப்பது, ரூபாய் நோட்டு நல்லதா என்று கடையில் பார்ப்பார்களே, அந்தப் புறஊதா விளக்கு. கொயினாக் கரைசலின் மேற்பரப்பில் வெயில் பட்டால் நீல ஒளி தோன்றுவதை 1845-இல் ஜான் ஹெர்ஷெல் என்ற அறிவியலாளர் எழுதினார். கண்ணுக்குத் தெரியாத கதிரை வாங்கிக்கொண்டு தெரியும் நீலமாகத் திருப்பித் தருகிறது என்று 1852-இல் ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர் விளக்கினார். அந்த மெத்தாக்சிக் கூறை நினைவில் வைக்கச் சொன்னேன். கொயினாவிலும் குவினிடினிலும் அது இருக்கிறது. அவை நீலமாக ஒளிரும். சின்கோனைனிலும் சின்கோனிடினிலும் அது இல்லை. அவை இந்த விளக்குக்கு நீலம் காட்டாது. இப்படி வெறும் கண்ணால் பார்ப்பது தோராயம்தான். சரியான அளவுக்குக் கருவி வேண்டும்.

பின்னால் இருக்கும் தம்பி, அரங்க விளக்குகளை அணைத்துவிடுங்கள். சன்னல் திரையையும் இழுத்துவிடுங்கள்.

இடது கைப் பக்கக் குவளை: மங்கலாக, விளிம்பில் மட்டும் கொஞ்சம் நீலம். வலது பக்கம் வைக்கிறேன். பாருங்கள், குவளை முழுக்க.

இரண்டு மரமும் ஒரே சாலையில், நாற்பது அடி இடைவெளியில் நிற்கின்றன. முன்வரிசைப் பிள்ளைகள் முதலில் எழுந்து வாருங்கள். கிட்டே வந்து பாருங்கள், குவளையைத் தொட வேண்டாம், அமிலம் இருக்கிறது. விளக்கை உங்களிடமே தருகிறேன்.